மாயவுலக விதிகளும் நவீன வாழ்வும்

ஒரு விளையாட்டின் விதிகள் அவற்றை வகுத்த காலத்தின் எண்ணங்களைத் தாங்கி நிற்பன. வீரம் யாது, செல்வம் யாது, மனிதன் எத்துணை எளிதில் மாள்கின்றான் என்னும் வினாக்களுக்கு ஒரு காலத்தவர் கண்ட விடைகளை அவர்தம் விளையாட்டு விதிகளிற் காணலாம். ஆதலின், ஒரு காலத்தின் விதியை மற்றொரு காலத்துக்குப் பொருத்த முயல்வோர், வாளைத் துப்பாக்கி என்றும் கோட்டையை நகரம் என்றும் பெயர் மாற்றி அமைதல் இயலாது. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது, மேசையைச் சூழ்ந்திருந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் வரலாறாகும். மந்திரவாதியும் நெருப்புமிழும் நாகமும் உலவும் மாயவுலகுக்கென எழுந்த விதிகள், நவீன உலகுக்கு எவ்வாறு கொண்டுவரப்பட்டன என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இத்தகைய முயற்சியின் வேர் பழையது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையையும் பலகைமேல் நிறுத்திய சதுரங்கம், பாரதநாட்டிற் தோன்றிப் பாரசீகம், அரபுநாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. பீரங்கியின் காலம் வந்தபோது பழைய பலகை போதாதாயிற்று. 1780 ஆம் ஆண்டில், பிறவுன்சுவிக்கில் வாழ்ந்த ஹெல்விக் என்னும் ஆசிரியர், சதுரங்கத்தை விரித்து, நிலவேறுபாடுகளையும் தற்காலப் படைகளையும் காட்டுமொரு போர்விளையாட்டை வெளியிட்டார். பிரசியநாட்டு ரைஸ்விட்ஸ் என்பார் 1812 ஆம் ஆண்டளவிற் கட்டங்களைக் கைவிட்டு நிலத்தின் உருவையே ஆடுகளமாக்கினார். அவர்தம் மகன் 1824 ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி, நிலப்படத்தையும் பகடையையும் நடுவரையுங் கொண்ட முறையாக்கினார். சதுரங்கத்தில் வெட்டப்பட்ட காய் ஐயமின்றி வீழும். புதிய விளையாட்டிலோ சுடப்பட்ட குண்டு தைத்தலும் தவறுதலும் உண்டு. அந்த ஐயத்தை விதிக்குள் அடக்கியதே ரைஸ்விட்ஸ் குடும்பத்தார் செய்த பெருமாற்றம். எனினும் அட்டவணைகள் பெருகப் பெருக ஆட்டம் தளர்ந்தது. எனவே 1876 ஆம் ஆண்டில் வேர்டி டு வேர்னுவா என்னும் படைத்தலைவர், அட்டவணைகளினும் அனுபவமிக்க நடுவரின் தீர்ப்பே மேலானதென வாதித்தார். விதியா, நடுவரா என்னும் இவ்வழக்கு பின்வந்த விளையாட்டுக்கள் யாவற்றிலும் தொடர்ந்தது.

அமெரிக்கப் படையதிகாரி தொட்டன் 1880 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்திரட்டீகோஸ்' என்னும் நூலும் நடுவருக்கு விரிந்த அதிகாரம் அளித்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின், மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் வெசலி அந்நூலைக் கற்றார். 1969 ஆம் ஆண்டில் அவர் நடத்திய 'பிறவுன்ஸ்டைன்' என்னும் ஆட்டம், நெப்போலியன் காலத்துக் கற்பனைப் பட்டினமொன்றிற் பலர்க்கும் தனித்தனிப் பாத்திரங்களை வழங்கியது. பின்னர் இலத்தீன் அமெரிக்கக் குடியரசொன்றின் கலகத்தைக் களமாகக் கொண்டும் அவர் அவ்வாட்டத்தை நடத்தினார். அவற்றிற் கலந்துகொண்ட டேவ் ஆர்னெசன், அம்முறையை மாயவுலகுக்கு மாற்றிப் 'பிளாக்மூர்' என்னும் நாட்டைப் படைத்தார். கேரி கைகாக்ஸ், ஜெவ் பெரன் ஆகிய இருவரும் 1971 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'செயின்மெயில்' என்னும் இடைக்காலப் போர்விளையாட்டு நூலின் மாயவுலக இணைப்பும் இதற்குத் துணையாயிற்று. ஆர்னெசனும் கைகாக்ஸும் இணைந்து 1974 ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளிக்கொணர்ந்தனர். முதலில் அச்சிடப்பட்டவை ஆயிரம் பிரதிகளே.

ஈண்டு ஒரு புதுமை நோக்கற்பாலது. கவசத்தைத் தரப்படுத்தும் முறையையும் உடலின் தாங்குதிறனை எண்ணாற் குறிக்கும் உயிர்ப்புள்ளி முறையையும், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து இரும்புக் கப்பல்களுக்கென வகுத்த விதிகளினின்றும் தாம் எடுத்தாண்டதாக ஆர்னெசன் பின்னாளிற் கூறியுள்ளார். அஃதாவது, மாயவுலக வீரனின் உடல் நவீனக் கப்பலொன்றின் உடலை ஒத்து அமைந்தது. கப்பல் பல குண்டுகளைத் தாங்கியே மூழ்கும்; வீரனும் பல வெட்டுக்களைத் தாங்கியே வீழ்வான். எனவே நவீன உலகுக்கு விதிகளைக் கொண்டுவருதல் என்பது, ஒருவகையில், புறப்பட்ட இடத்துக்கே மீளும் பயணமாயிற்று. ஆயினும் இடைவழியில் அவ்விதிகள் புதிய இயல்புகள் சிலவற்றைப் பெற்றுவிட்டன.

அவ்வியல்புகள் மூன்று. முதலாவது, அனுபவம் முதிருந்தோறும் படி உயரும். படி உயருந்தோறும் உயிர்ப்புள்ளிகள் பெருகும். 1974 ஆம் ஆண்டின் மூலவிதிகளில் ஆயுதம் எதுவாயினும் பொதுவில் ஓர் ஆறுமுகப் பகடையின் அளவே ஊறு செய்யும். ஆதலின் முப்பது புள்ளி பெற்ற வீரனை ஒரு வெட்டு வீழ்த்தாது. இரண்டாவது, பொன்னே புகழாகும்: மீட்ட பொற்காசு ஒவ்வொன்றும் ஓர் அனுபவப் புள்ளி. மூன்றாவது, ஆடுவோர் செல்லும் பாழ்நிலக் குகைகளிற் காவலரோ நீதிமன்றமோ இல்லை. நவீன நகரில் இம்மூன்றும் ஒவ்வாதனவாகும். ஒரு குண்டு வீரனையும் வீரனல்லாதானையும் ஒருங்கே கொல்லும். பிறர் பொருளைக் கவர்தல் புகழன்று, குற்றம். கொலைக்கு விசாரணை உண்டு.

முதல் மாற்றங்கள் விரைவிலேயே தோன்றின. 1975 ஆம் ஆண்டில், பிறயன் புளூமும் கைகாக்ஸும் அமெரிக்க மேற்குப் புலத்துத் துப்பாக்கி வீரரைப் பற்றிய 'பூட் ஹில்' விளையாட்டை வெளியிட்டனர். மாயவுலக விதிகளை வகுத்த கைகாக்ஸே இங்கு அவற்றின் அடிப்படையைத் துறந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. படியுயர்வு இங்கு இல்லை. பட்ட காயம் சிறியதா, பெரியதா, உயிர்போக்குவதா என்றே பார்க்கப்பட்டது. எத்துணை அனுபவமுடையாரும் ஒரே குண்டில் மடியலாம். பின்னர் 1979 ஆம் ஆண்டில் வெளிவந்த நடுவர் கைந்நூலில், மேற்குப் புலத்துப் பாத்திரங்களை மாயவுலகுக்கும் மாயவுலகப் பாத்திரங்களை மேற்குப் புலத்துக்கும் மாற்றும் வழிகளை அவர் வகுத்தார். 1980 ஆம் ஆண்டில் மேர்ள் ராஸ்முசன் படைத்த 'டொப் சீக்கிரட்' ஒற்றரைப் பற்றியது. அங்கு வீரன், மந்திரவாதி என்னும் வகுப்புக்களின் இடத்தை ஒற்றர் நிறுவனத்தின் பிரிவுகள் ஏற்றன. நவீன மனிதனை அடையாளப்படுத்துவது அவன் பிறந்த குலமன்று, பணிபுரியும் அலுவலகமே என்பதை இம்மாற்றம் காட்டிற்று.

இவற்றினும் ஆழ்ந்த மாற்றத்தைச் செய்தது 1981 ஆம் ஆண்டில் வெளியான 'கோல் ஒவ் கதுலு' எனலாம். இதனை ஆக்கிய சாண்டி பீற்றர்சன், 1978 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரூன்குவெஸ்ட்' என்னும் மாயவுலக விளையாட்டின் விதிகளை அடித்தளமாகக் கொண்டார். களமோ 1920 களின் உலகம். கதைப்பொருள் லவ்கிராவ்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் அச்சக்கதைகளைத் தழுவியது. இங்கு உயிர்ப்புள்ளி, உடல்வலியும் உடற்பருமனும் சேர்ந்த தொகையிற் பாதியே. அனுபவத்தால் அது பெருகுவதில்லை. நூலகத்தில் தேடுதல், கணக்கெழுதுதல், வண்டியோட்டுதல் ஆகியன நூற்றுவீதத் திறன்களாயின. பயன்படுத்திய திறனே வளரும். இவற்றின்மேல் மனத்தெளிவு என்னும் புதிய அளவையும் சேர்க்கப்பட்டது. மறைபொருள் அறிவு கூடுந்தோறும் மனத்தெளிவின் உச்சவரம்பு குறையும். மாயவுலகில் அறிவு ஆற்றல் தந்தது. இங்கு அது அழிவையும் உடன் கொணர்ந்தது. இரு பெரும்போர்களைக் கண்ட நூற்றாண்டின் அச்சம் ஒரு விளையாட்டு விதியாக உருப்பெற்றது என்று கூறின் மிகையாகாது.

பழைய அமைப்பைக் கைவிடாது திருத்தும் மற்றொரு வழியும் உண்டு. 2000 ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது, அதன் அடிப்படை விதிகளைப் பிறரும் எடுத்தாள உரிமை வழங்கப்பட்டது. அவ்வடிப்படையின்மேல், அதே நிறுவனத்தார் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்டது 'டி20 மொடேர்ன்'. படியுயர்வும் உயிர்ப்புள்ளிப் பெருக்கமும் இதில் நீடித்தன. ஆயினும் ஒரு வரம்பு மாற்றப்பட்டது. மூன்றாம் பதிப்பில் ஒரே தாக்கில் ஐம்பது புள்ளி இழந்தாலன்றி வீரனுக்குத் திடீர் மரணச் சோதனை நேராது. நவீன விதியிலோ அவ்வரம்பு பாத்திரத்தின் உடல்வலியின் அளவேயாயிற்று. பத்துப் பன்னிரண்டு புள்ளி ஊறும் ஒருவனை வீழ்த்தக்கூடும். பொற்காசுக் கணக்கின் இடத்தில், சம்பளமும் கடனும் சேமிப்பும் அடங்கிய செல்வநிலை ஓர் எண்ணாகக் குறிக்கப்பட்டு, பெரும்பொருள் வாங்குமிடத்துப் பகடையால் ஆராயப்பட்டது. வீரன், கள்வன் என்னும் வகுப்புக்கள் நீங்கி, வலியோன், விரைவோன், உறுதியோன், அறிவோன், ஈடுபாட்டோன், கவர்ச்சியோன் என்னும் ஆறு இயல்புகள் வந்தன.

இவ்விரு வழிகளுள் எது சிறந்தது என்பது ஆடுவோர் விரும்பும் கதையைப் பொறுத்தது. அஞ்சாது பாயும் நாயகனை விரும்புவோர்க்குத் திருத்திய பழைய விதி பொருந்தும். துப்பாக்கி முன் நின்று தயங்கும் எளிய மனிதனைக் காணவிரும்புவோர்க்குப் புதிய அடித்தளமே வேண்டும். ஆயினும் இரு வழியினரும் எதிர்கொண்ட வினா ஒன்றே: இக்காலத்து மனிதன் எதனால் வாழ்கிறான், எதனால் மாள்கிறான்? அதற்கு விடை கண்டபின்னரே எண்களை அமைத்தல் கூடும். விடை காணாது எண்களை மட்டும் மாற்றின், கோட் அணிந்த பழைய வீரனே நகர்வீதியில் வாளோச்சித் திரிவான்.

எத்துணை நுட்பமான விதியும் வாழ்க்கை முழுவதையும் அடக்கவியலாது. வேர்டி டு வேர்னுவா 1876 ஆம் ஆண்டிற் கண்ட உண்மை இன்றும் பொய்க்கவில்லை. காவலரைக் கண்ட பாத்திரம் ஓடுவதா, உண்மை கூறுவதா என்பதை எந்த அட்டவணையும் முற்கூட்டிச் சொல்லாது. அவ்விடத்து ஆடுவோரின் எண்ணமும் நடுவரின் நேர்மையுமே தீர்ப்பளிக்கும். நாற்படை நின்ற பலகையிலிருந்து நவீன நகர்வீதிவரை விதிகள் எத்தனையோ மாறின. மேசையைச் சூழ்ந்திருப்போரின் நியாயவுணர்வை நம்பியே ஆட்டம் நடக்கும் என்பது மட்டும் மாறாது நின்றது.