மஸ்கெலியாத் தொகுதியும் பிரசாவுரிமையும்

அந்நிய நாட்டவர் சட்டமன்ற உறுப்பினராகலாமோ என்னும் வினாவுக்கு, ஆகாதென விடையிறுத்தல் எளிது. அந்நியர் யாவர் என வரையறுத்தலே அரிது. இலங்கை மலைநாட்டில் அவ்வரையறை ஒரே பாராளுமன்றத்தின் ஆயுட்காலத்துள் மாறிற்று.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மஸ்கெலியாத் தொகுதியினின்று இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சார்ந்த ஜி. ஆர். மோத்தா தெரிவானார். நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையில் கே. குமாரவேலுவும் வென்றனர். அந்நாளில் பிரித்தானியப் பிரசையாயிருத்தலே வாக்குரிமைக்கு முதற்றகுதி. இந்தியாவிற் பிறந்தாரும் இலங்கையிற் பிறந்தாரும் அத்தகுதியில் வேறுபட்டாரல்லர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்நிலையை மாற்றியது. இலங்கையிற் பிறந்தவனாயினும், அவன் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும் என்றது. மகப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கமுடைய மக்களுக்கு இவ்விதி எத்துணைக் கொடியது! மஸ்கெலியாவில் வாழ்நாள் முழுதும் உழைத்தவனும், தமிழகத்துச் சிற்றூரொன்றிற் பிறந்தானெனின், தன் மகனுக்கு அவ்வுரிமையை வழங்க வல்லனல்லன். லயத்து அறையில் வாழ்ந்தோர் பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்குச் செல்வர்?

1949ஆம் ஆண்டில் மேலும் இரு சட்டங்கள் பிறந்தன. 3ஆம் இலக்கச் சட்டம் நீண்டகாலம் வதிந்த இந்திய, பாக்கிஸ்தானியர் விண்ணப்பித்துப் பிரசையாக வழி வகுத்தது. ஏறக்குறைய 825,000 பேருக்கென விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. 48ஆம் இலக்கச் சட்டமோ, பிரசையல்லாதார் பெயரை வாக்காளர் இடாப்பினின்று நீக்கிற்று. வாக்காளராகும் தகுதியில்லார்க்கு வேட்பாளராகும் தகுதியும் இல்லை. ஆகவே, எவரையும் பெயர் சுட்டி விலக்காமலே சட்டம் தன் கருமத்தை முடித்தது.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. தொகுதிகள் குடித்தொகையை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டிருந்தன. வாக்கிழந்தோர் அத்தொகையில் எண்ணப்பட்டமையால், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் பொருட்டு அமைந்த ஆசனங்களை எஞ்சிய வாக்காளரே நிரப்பினர். தோட்டத் தமிழர் ஒருவரும் அன்று தெரிவாகவில்லை.

வாக்குரிமை நீக்கம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணென வழக்கும் எழுந்தது. கோடகன் பிள்ளை வழக்கில் 1953இல் கோமறைக் கழகம், தன் பிரசைகள் யாவரென வரையறுத்தல் அரசொன்றின் இயல்பான கருமமே என்று கூறி, அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. சட்டத்தின் சொற்களை நோக்கின் அத்தீர்ப்புக்கு நியாயமுண்டு; அதன் விளைவை நோக்கின் இல்லை.

1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. பங்கிடப்பட்டோரின் கருத்தைக் கேட்டார் இலர். தொண்டமான் 1960இல் நியமன உறுப்பினராய்ப் பாராளுமன்றம் புகுந்தாரெனினும், மக்கள் வாக்கால் அவர் மீளத் தெரிவானது 1977இலேயே. அதுவும் நுவரெலியா–மஸ்கெலியா என்னும் மூவுறுப்பினர் தொகுதியில் மூன்றாமவராக. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு, 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வதிந்தோர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.