ஒற்றைக்கண் பயணி

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயன்றவர்களுக்கு ஓர் உண்மை எளிதில் விளங்கியிருக்கும். நூலின் முனை ஊசிக்காதுக்கு நேரே இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் அது முன்னே தவறிப்போகும், அல்லது பின்னே தவறிப்போகும். மேல் கீழையும் இடம் வலத்தையும் ஒற்றைக் கண் சரியாகவே சொல்லிவிடுகிறது. தொலைவை மட்டும் அது சொல்வதில்லை. கேமராவும் அவ்வாறே. ஒரு புள்ளியின் ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அது பதிவு செய்கிறது. எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பதைப் படம் எடுக்கும் கணத்திலேயே தொலைத்துவிடுகிறது.

அத்தகைய ஒரே ஒரு கேமராவைக் கொண்டு ஓர் எந்திரம் தன் வழியைத் தானே காண இயலுமா? தான் எங்கே இருக்கிறது என்பதை அறிய இயலுமா? இக்கேள்விக்கு அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. நிலவை எண்ணித் தொடங்கிய அவ்வரலாறு செவ்வாயின் மணல்வெளி வரை சென்றிருக்கிறது. தொடக்கக் காலத்திலேயே வெளிப்பட்ட ஒரு குறை அதன் வழிநெடுகிலும் உடன்வந்திருக்கிறது என்பதுதான் நம்மை வியக்கவைக்கிறது.

விடையின் முதற்பகுதி எந்திரங்கள் வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களில், பார்வையின் உடலியல் பற்றிய தம் பெருநூலில், அடர்ந்த காட்டில் அசையாமல் நிற்கும் மனிதனைப் பற்றி எழுதினார். அவனுக்கு இலைகளும் கிளைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எது எந்த மரத்தினுடையது என்று பிரித்தறிய முடியாது. அவன் நடக்கத் தொடங்கிய உடனே அந்தச் சிக்கல் தானே அவிழும். அருகிலிருப்பவை விரைந்து நகரும், தொலைவிலிருப்பவை மெல்ல நகரும். ஆகவே நின்ற இடத்தில் ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டாத ஆழம், நகரும்போது கிட்டுகிறது. ஆயினும் மனிதனுக்கு இயல்பாக நேரும் இதனை எந்திரத்துக்குக் கற்பிப்பது வேறு செய்தி.

*

1960-61ஆம் ஆண்டளவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆடம்ஸ் என்ற இயந்திரப் பொறியியல் ஆய்வு மாணவர் ஒரு வண்டியைக் கட்டினார். சிறிய மிதிவண்டிச் சக்கரங்கள் நான்கு, மோட்டார்கள், கார் பேட்டரி, மேலே ஒரு தொலைக்காட்சிக் கேமரா, இவ்வளவே அந்த வண்டி. அவருடைய கேள்வி எளியது. நிலவில் ஒரு வண்டியை இறக்கி, பூமியில் அமர்ந்தபடி ஒருவர் அதனை ஓட்ட முடியுமா? நிலவுக்குச் சென்று திரும்ப வானொலி அலைக்கு இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். அந்தத் தாமதத்தைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்த்தபோது, ஓட்டுநர் திரையில் காண்பது எப்போதும் பழைய காட்சியாகவே இருந்தது. வண்டியை மிக மெதுவாக ஓட்டினாலன்றி வழிதவறாமல் செலுத்த இயலவில்லை. தொலைவிலிருப்பவனால் ஓட்ட முடியாவிட்டால் வண்டியே பார்த்து ஓட வேண்டும் என்ற எண்ணத்துக்கு இங்கே ஒரு வித்து விழுந்தது எனலாம்.

அதே வட்டாரத்தில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், 1966 முதல் 1972 வரை ‘ஷேக்கி’ என்ற ரோபோ உருவாக்கப்பட்டது. அதற்கும் ஒரே தொலைக்காட்சிக் கேமராதான். தொலைவு அளக்கத் தனிக்கருவி ஒன்று துணையிருந்தது. தான் கடந்த தூரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே செல்லும்போது சேரும் பிழையை, அறையின் மூலை போன்ற அறிந்த அடையாளம் ஒன்றைப் பார்த்து அது திருத்திக்கொண்டது. ஆனால் அதன் உலகம் அதற்கென்றே அமைக்கப்பட்ட உலகம். சுவரும் தரையும் சேருமிடம் கேமராவுக்குத் தெளிவாகத் தெரியும்படி அடிப்பட்டை பதித்திருந்தார்கள். அறையில் கிடந்த பொருள்களும் எளிய வடிவக் கட்டைகளே. எந்திரத்துக்குப் பார்க்கத் தெரியாத இடத்தில், பார்ப்பதற்கு எளிதாக உலகத்தை மாற்றிக் கொடுத்தார்கள்.

மாற்றாத உலகத்துக்குள் துணிந்து சென்றவர் ஹான்ஸ் மொராவெக். ஆடம்ஸின் பழைய வண்டி ஸ்டான்ஃபோர்டின் செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. தரையிலிட்ட வெள்ளைக் கோட்டைத் தொடர்ந்து செல்ல 1970களின் தொடக்கத்தில் அது பழகியும் இருந்தது. மொராவெக் அதன்மேல் ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள ஒரு தண்டவாளத்தைப் பொருத்தினார். வண்டி நிற்கும், ஒரே கேமரா அந்தத் தண்டவாளத்தில் இடமிருந்து வலமாக நகர்ந்து ஒன்பது படங்களை எடுக்கும். காக்கைக்கு இரு கண்ணுக்கும் மணி ஒன்றே, அது இப்புறமும் அப்புறமும் உருளும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. காக்கையின் கண் அப்படிப்பட்டதன்று. ஆனால் மொராவெக்கின் வண்டிக் கண் அத்தகையதுதான்.

ஒன்பது படங்களிலும் ஒரே புள்ளியை அடையாளம் கண்டு, அது எவ்வளவு இடம்பெயர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டால் அதன் தொலைவு கிடைக்கும். அதற்காகத் தன் சுற்றுப்புறத்திலிருந்து தெளிவாக வேறுபடும் மூலைகளையும் புள்ளிகளையும் படத்தில் தேடியெடுக்கும் முறை ஒன்றை அவர் வகுத்தார். வண்டி ஒரு மீட்டர் செல்லும், நிற்கும், பத்துப் பதினைந்து நிமிடம் கணிப்பொறி சிந்திக்கும், மீண்டும் ஒரு மீட்டர். 1979இல் நாற்காலிகள் போட்ட ஓர் அறையை அது மனிதத் துணையின்றிக் கடந்தது. இருபது மீட்டர் தூரம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம்.

அதன் தோல்விகளையும் மொராவெக் ஒளிக்காமல் எழுதினார். வழுவழுப்பான, குறியற்ற பரப்புகள் அதன் கண்ணில் படவில்லை. பொருள் எதிரிலேயே நின்றாலும், பற்றிக்கொள்ள ஒரு புள்ளி இல்லையென்றால் வண்டிக்கு அங்கே ஒன்றுமே இல்லை. திறந்தவெளியில் இன்னொரு வேடிக்கை நிகழ்ந்தது. வண்டி அவ்வளவு மெதுவாகச் சென்றதால், அது யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் வெயில் சாய்ந்து நிழல்கள் நகர்ந்தன. கூர்மையான நிழல் விளிம்புகளை நிலையான அடையாளங்கள் என்று நம்பிய வண்டி குழம்பிப்போயிற்று.

*

வண்டி தடுமாறிக்கொண்டிருந்த அதே காலத்தில் கணிதம் தன் வழியே முன்னேறியது. ஆஸ்திரியக் கணிதவியலர் எர்வின் குருப்பா 1913ஆம் ஆண்டிலேயே, இரு படங்களில் பொதுவாகத் தெரியும் ஐந்து புள்ளிகள் இருந்தால் கேமரா எப்படி நகர்ந்தது என்பதற்கான விடைகளை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருக்கிவிடலாம் என்று காட்டியிருந்தார். 1981இல் லாங்கெட்-ஹிக்கின்ஸ், எட்டுப் புள்ளிகளைக் கொண்டு இதனை நேரடியாகக் கணக்கிடும் வழியை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அடிப்படையில் வேதியியலராக விளங்கி, மனத்தின் செயல்களை ஆராயும் துறைக்கு வந்தவர் அவர்.

இக்கணிதம் ஓர் எல்லையையும் வகுத்தது. கொலுவில் வைத்த பொம்மைத் தேரைச் சுற்றி ஒரு சாண் அளவு கேமராவை நகர்த்திப் படமெடுக்கிறோம். கோயில் தேரைச் சுற்றி அதே விகிதத்தில் பல அடி நகர்த்தியும் எடுக்கிறோம். பொம்மை தேரின் சரியான சிறுவடிவம் என்றால், இரு படத்தொகுதிகளுக்கும் வேறுபாடு இராது. ஒற்றைக் கேமரா வடிவத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. மொராவெக்குக்கு இந்த இடர் நேரவில்லை. ஏனெனில் தண்டவாளத்தின் நீளம் அவருக்குத் தெரியும். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுக் கேமராவைக் கையில் கொடுத்தால் அளவு தொலைந்துபோகும்.

இன்னொரு இடர், பிழை சேர்வது. கோயிலின் நான்கு மாடவீதிகளையும் அடிகளை எண்ணிக்கொண்டே சுற்றி வருபவரின் கணக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் சற்றுப் பிசகும். மீண்டும் தேரடியைக் கண்டவுடன், புறப்பட்ட இடம் இதுவே என்று அவர் கணக்கை நேர்செய்துகொள்வார். தேரடியின் இடம் மட்டுமன்றி, வழியில் கண்ட அனைத்தின் இடமும் அப்போது சேர்ந்தே திருத்தம் பெறும். ஏனெனில் அவையெல்லாம் ஒரே நடையின் பிழையில் பங்குகொண்டவை. 1986ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்மித், சீஸ்மன் முதலியோர் இந்த உறவை நிகழ்தகவுக் கணிதமாக்கினர். இடமறிதலும் வரைபடம் வரைதலும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்ற இக்கருத்துக்கு 1995இல் ‘ஸ்லாம்’ என்ற சுருக்கப்பெயர் வழக்குக்கு வந்தது. ஆனால் இவ்வேலைக்கு லேசர், சோனார் போன்று தொலைவை நேரே அளக்கும் கருவிகளையே பலரும் நாடினர். ஒற்றைக் கேமராவுக்கு அது இயலும் என்று நம்பியவர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற ஆண்ட்ரூ டேவிசன். 2003இல் அவர் ஒரே கேமராவைக் கையில் பிடித்து ஓர் அறைக்குள் அசைக்க, கணிப்பொறி நொடிக்கு முப்பது முறை அக்கேமராவின் இடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. மொராவெக்கின் வண்டி ஒரு மீட்டருக்குக் கால்மணி நேரம் யோசித்ததை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். கணிப்பொறிகளின் வேகம் இதற்கு ஒரு காரணம். நினைவைச் சிக்கனமாக வைத்துக்கொண்டது மற்றொரு காரணம். ஏறத்தாழ நூறு அடையாளங்களை மட்டுமே அம்முறை நினைவில் கொண்டது. ஆனால் ஒவ்வொன்றின் இடத்திலும் எவ்வளவு ஐயம் உண்டு, ஒன்றின் ஐயம் மற்றொன்றோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதையும் சேர்த்தே கொண்டது. அளவுச் சிக்கலுக்கு அவர் கண்ட தீர்வு எளிமையானது: தொடங்கும்போது, அளவு தெரிந்த ஒரு கறுப்புச் செவ்வகத்தைக் கேமராவுக்குக் காட்டினார். ஜப்பானின் மனித உருவ ரோபோ ஒன்று இம்முறையைக் கொண்டு வட்டமாக நடந்து தன் இடத்தை அறிந்ததை 2007இல் வந்த விரிவான கட்டுரை விவரிக்கிறது.

அதே 2007இல், அதே ஆக்ஸ்ஃபோர்டில், ஜார்ஜ் க்ளைனும் டேவிட் மரேயும் வேலையை இரண்டாகப் பிரித்தனர். கேமராவின் இடத்தை ஒவ்வொரு படத்துக்கும் உடனடியாகக் கணிப்பது ஒரு வேலை. பின்னணியில் நிதானமாக வரைபடத்தைச் செம்மை செய்வது மற்றொரு வேலை. நூறு அடையாளங்கள் ஆயிரக்கணக்காயின. இம்முறையைத் தொடங்குவதற்குக் கேமராவைக் கையால் சற்றே பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். அந்த நகர்வு ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் என்று முறையே கொள்ளும். தண்டவாளம் போய்விட்டது, அதன் வேலையை மனிதக் கை செய்தது. 2015இல் ஸ்பெயினின் ஸரகோஸா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ‘ஆர்ப்-ஸ்லாம்’, தேரடிக்குத் திரும்பியவரைப்போல, முன்பு கண்ட இடத்தை மீண்டும் அடையாளம் கண்டு நீண்ட பாதையின் பிழையைத் திருத்திக்கொண்டது.

*

நிலவுக்கான கேள்வியோடு தொடங்கியதற்கு மிக அருகில் வரும் விடை செவ்வாயில் கிடைத்தது. அங்கே தாமதம் நொடிக்கணக்கில் இல்லை. வானொலி அலை ஒரு வழி செல்லவே ஏறத்தாழ மூன்று முதல் இருபத்திரண்டு நிமிடம் ஆகும். நாசாவின் ‘இன்ஜெனியுவிட்டி’ என்ற 1.8 கிலோ எடையுள்ள சிறு ஹெலிகாப்டர், 2021 ஏப்ரல் 19 அன்று முதன்முறையாக மூன்று மீட்டர் உயரம் எழும்பி 39 நொடி பறந்தது. அதன் வழிகாட்டி, கீழ்நோக்கிய ஒரே கறுப்பு-வெள்ளைக் கேமரா. 640க்கு 480 புள்ளிகள் கொண்ட படம், நொடிக்கு முப்பது. துணைக்கு உயரத்தை அளக்கும் லேசர் ஒன்று. முடுக்கத்தையும் சுழற்சியையும் உணரும் கருவி ஒன்று. ஒற்றைக் கண்ணுக்குத் தெரியாத அளவை இவை இரண்டும் ஈடுசெய்தன. தரையில் தெரியும் கற்களையும் குறிகளையும் பற்றிக்கொண்டு, அவை படத்தில் நகர்வதைக் கொண்டே தான் எவ்வளவு நகர்ந்தோம் என்று அது கணித்தது.

2021 மே 22 அன்று ஆறாவது பறத்தலில் ஒரே ஒரு படம் வழியில் தொலைந்தது. விளைவாக, அதன்பின் வந்த ஒவ்வொரு படத்தின்மேலும் தவறான நேரக்குறிப்பு விழுந்தது. படங்கள் மெய், நேரம் பொய். இல்லாத பிழைகளைத் திருத்த முயன்று ஹெலிகாப்டர் முன்னும் பின்னும் ஊசலாடியது. எனினும் இறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராவை நம்பாமல் இருக்கும்படி பொறியாளர்கள் முன்பே ஏற்பாடு செய்திருந்தனர். குறித்த இடத்துக்கு ஐந்து மீட்டருக்குள் அது பத்திரமாக இறங்கியது.

ஐந்து முறை வரை பறப்பதற்கென்று அனுப்பப்பட்ட ஹெலிகாப்டர் எழுபத்திரண்டு முறை பறந்தது. 2024 ஜனவரி 18 அன்று எழுபத்திரண்டாவது முறை எழும்பியபோது அதன் கீழே இருந்தவை மணல் அலைகள். கல் இல்லை, குறி இல்லை, கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. ஏறத்தாழ இருபது நொடியில், பின்தொடரப் போதிய புள்ளிகள் அதற்குக் கிட்டாமல் போயின. தன் வேகத்தைத் தவறாக அறிந்த நிலையில் அது பக்கவாட்டு வேகத்தோடு மணற்சரிவில் மோதியிருக்க வேண்டும் என்றும், அந்தக் குலுக்கலில் இறக்கைகள் ஒடிந்திருக்க வேண்டும் என்றும் அவ்வாண்டு டிசம்பரில் நாசாவின் ஆய்வு தெரிவித்தது.

1979இல் வழுவழுப்பான பரப்பைக் காணாத வண்டிக்கும், 2024இல் வெறும் மணலைப் படிக்க இயலாத ஹெலிகாப்டருக்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள் உள்ளன. கணிப்பொறியின் வேகம், கணிதம், கேமரா என அனைத்தும் இடையில் மாறிவிட்டன. ஆயினும் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாத பரப்பில் கண் குருடாகிறது என்பது மாறவில்லை. இதனை அறிவியலின் தோல்வி என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. ஒற்றைக் கண்ணின் எல்லை எங்கே என்பதை முதல் வண்டியே காட்டிவிட்டது. பின்வந்தவர்கள் அந்த எல்லைக்கு இப்பால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்று காட்டினார்கள். நாற்காலிகளுக்கிடையே இருபது மீட்டர் ஊர்ந்த பயணம், வேற்றுக் கோளின் வானில் எழுபத்திரண்டு பறத்தல்களாக நீண்டது. ஆனால் இனி ஒற்றைக் கேமராவை நம்பி ஓர் எந்திரத்தை அனுப்புவோர், அது எதைக் காணும் என்பதற்கு முன்பாக, எதன்மேல் பறக்கப்போகிறது என்று கேட்டாக வேண்டும்.

ஹெலிகாப்டருக்கு நேர்ந்ததை அதன் கேமராவே முதலில் தெரிவித்தது. தரையிறங்கிய பின் அது அனுப்பிய படத்தில், மணல்மேல் விழுந்திருந்த இறக்கையின் நிழல் தெரிந்தது. நிழலின் நுனி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. முதல் வண்டியைக் குழப்பிய அதே நிழல்தான், இங்கே பல கோடிக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தவர்களுக்கு உண்மையைச் சொல்லிற்று.