அத்தோ எந்த ஊர்ச் சாப்பாடு?

 

எங்கள் பெரும்பாக்கத்துப் பிள்ளைகள் அத்தோவை 'சைனீஸ் அயிட்டம்' என்கிறார்கள். அதில் நூடுல்ஸ் இருப்பதால் அப்படி நினைக்கிறார்கள் போலும். ஆனால் அது பர்மாவிலிருந்து வந்தது. 'அதோ' என்ற பர்மியச் சொல்லுக்குக் கையால் பிசைந்தது என்று பொருள். நம் வாயில் அது அத்தோ ஆகிவிட்டது. கூடவே விற்கும் பேஜோவும் பர்மியப் பெயர்தான், பருப்பில் பொரித்த தட்டை.

1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அந்தக் காலத்தில் ரங்கூனுக்குப் போவது வெளிநாடு போவதல்ல, கப்பல் ஏறினால் போதும். 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் சுமார் 10 லட்சம். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் நம்மவர்கள்: தமிழர், தெலுங்கர், வங்காளி, ஒரியர். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள், மற்றவர்கள் நெல் வயலிலும் துறைமுகத்திலும் உழைத்தார்கள். கடனுக்கு ஈடாக வயல்கள் செட்டியார்கள் கைக்குப் போனபோது பர்மிய விவசாயிக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபம் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டதும் லட்சக்கணக்கானோர் மணிப்பூர், அசாம் வழியாக நடந்து வந்த கதை பலருக்குத் தெரியும். 'பராசக்தி' படம் பார்த்தவர்களுக்கு ரங்கூன் பெயர் மறக்காது. 1964இல் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போச்சு, கையிருப்பும் போச்சு. நகையைக்கூட முழுதாக எடுத்துவர விடவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் இந்திய வம்சாவளியினர் வெளியேறினார்கள். தமிழர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. மறுபடி தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பப் புறப்பட்டு, எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழர் கோயில் இருக்கிறது.

இங்கே இறங்கியவர்களுக்கு வியாசர்பாடியிலும், நமக்குப் பக்கத்தில் பெருங்குடியிலும் பர்மா காலனிகள் உருவாயின. 1969இல் கடற்கரை ரயில் நிலையம் அருகே பர்மா பஜார் வந்தது. கடை கிடைத்தவர் வெளிநாட்டுச் சாமான் விற்றார். கடை கிடைக்காதவர் என்ன செய்வார்?

அங்கேதான் அத்தோ வருகிறது. ரங்கூனில் வீட்டிலும் தெருவிலும் சாப்பிட்டுப் பழகிய பதார்த்தம். இதற்கு முதலீடு மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். நூடுல்ஸை வீட்டிலேயே வேகவைத்துக்கொள்ளலாம். வெங்காயம், பூண்டு, பேஜோ எல்லாம் முன்கூட்டியே பொரித்து டப்பாவில் போட்டாயிற்று. முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டெண்ணெய், எலுமிச்சை சேர்த்துக் கையால் பிசைந்தால் முடிந்தது. அடுப்பு சூப்புக்கு மட்டும்தான். ஹோட்டல் வைக்க முடியாதவரும் ஒரு வண்டியும் ஒரு பாத்திரமும் இருந்தால் பிழைக்கலாம். பாரிமுனை செகண்ட் லைன் பீச்சில் சாயங்காலக் கடைகள் இப்படித்தான் நிலைத்தன.

வந்த இடத்தில் ருசியும் மாறியது. பர்மாவில் மீன் சாறும் காய்ந்த இறால் பொடியும் போடுவார்கள். இங்கே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அங்கே மொய்ங்கா என்பது கெளுத்தி மீனும் வாழைத்தண்டும் சேர்ந்த குழம்பு. இங்கே பல கடைகளில் மீன் காணாமல் போய் வாழைத்தண்டு சூப் மட்டும் மிஞ்சியது. பார்சல் கேட்டால் அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார்கள். (சூடான சூப்பைப் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள் என்று நான் சொல்லி யார் கேட்கிறார்கள்! தூக்குவாளி கொண்டு போங்கள்.)

இன்னொரு விஷயம். பர்மியர்கள் கடலையை 'கலா பே' என்பார்கள். 'கலா' என்றால் இந்தியன், வசையாகவும் சொல்வது. அதாவது இந்தியன் பருப்பு. தோசை அங்கே 'தோஷே', பரோட்டா 'பலாட்டா'. ஆளை விரட்டினார்கள், பலகாரத்தை வைத்துக்கொண்டார்கள். நாமும் அவர்கள் பலகாரத்தோடுதான் கப்பல் ஏறினோம்.

பெரும்பாக்கத்தில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆயிரக்கணக்கான குடும்பங்களை இங்கே அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். வீடு கிடைத்தது. பழைய இடத்தில் பார்த்த வேலை பலருக்கு எட்டாத தூரமாகிவிட்டது. சாயங்காலம் பிளாக்குகளுக்கு நடுவே தள்ளுவண்டிகள் நிற்பதைப் பார்த்தால், 1960களில் துறைமுகத்தில் இறங்கியவர்கள் போட்ட அதே கணக்கு தெரிகிறது: கையில் காசில்லை, கைப்பக்குவம் இருக்கிறது.

கப்பலில் 20 வயதில் வந்தவருக்கு இன்று 80 தாண்டியிருக்கும். மீன் போட்ட பழைய மொய்ங்காவின் பக்குவம் அவர்களிடம்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு ஆயா, தாத்தா இருந்தால், எந்தக் கப்பலில் வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள், அந்தக் குழம்பை எப்படி வைத்தார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் எடுத்து வைக்கிறேன்.