கொய்னா அணை: கணக்கில் வராத நிலநடுக்கம்



இந்த முறை கொஞ்சம் வரலாறு. வேலை மாற்றலில் மகாராஷ்டிராவுக்கு வந்த பிறகுதான் கொய்னா அணையின் கதையைத் தேடிப் படித்தேன். நான் காமர்ஸ் படித்தவன். நிலவியல் எனக்குப் பாடமில்லை. ஆனால் ரிஸ்க் பார்ப்பது தினசரி வேலை என்பதால் இந்தக் கதை என்னை விடவில்லை.

சாத்தாரா மாவட்டத்தில் உள்ள கொய்னா, 103 மீட்டர் உயர அணை. நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு சுமார் 100 டி.எம்.சி. இதைத் திட்டமிட்ட காலத்தில், தக்காணப் பீடபூமி அசையாத பழைய நிலம் என்றே அறிஞர்கள் நம்பினார்கள். 1960களின் நிலநடுக்க மண்டல வரைபடங்களிலும் இது அபாயம் மிகக் குறைந்த பகுதிதான். இருந்தாலும் பாதுகாப்புக்காக 0.05 என்ற சிறிய நிலநடுக்கக் கெழுவைச் சேர்த்துத்தான் அணையை வடிவமைத்தார்கள்.

1962 வாக்கில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. கூடவே சின்னச் சின்ன அதிர்வுகளும் ஆரம்பித்தன! கருவிகள் வைத்துக் கண்காணித்தார்கள். 1967 செப்டம்பரில் ரிக்டர் 5-ஐத் தாண்டிய அதிர்வு ஒன்று வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 11, விடியற்காலை 4.21 மணி. ரிக்டர் 6.3. கொய்னாநகர் வீடுகள் பெரும்பாலும் இடிந்தன. சுமார் 180 பேர் இறந்தார்கள். மின்நிலையம் நின்றுபோனது.

அணைக்குள் இருந்த கருவியில் பதிவான உச்ச அதிர்வு, வடிவமைப்பில் வைத்த எண்ணைப் போலப் பத்து மடங்குக்கு மேல். சுவரின் மேற்பகுதியில் விரிசல்கள் விழுந்தன. நல்ல வேளை, அணை நின்றது. உடைந்திருந்தால்? கொய்னா ஆறு கிருஷ்ணாவில் சேரும் இடம் கராட் நகரம். அதற்கும் கீழே சாங்லி. நினைக்கவே பயமாக இருக்கிறது.

தண்ணீரால் நிலம் நடுங்குமா என்று கேட்கலாம். தண்ணீர் அந்தச் சக்தியை உண்டாக்குவதில்லை. பாறைப் பிளவுகளில் ஏற்கெனவே இறுக்கம் சேர்ந்திருக்கிறது. மேலே தேங்கிய நீரின் எடை ஒரு பக்கம். பிளவுக்குள் இறங்கும் நீரின் அழுத்தம் இன்னொரு பக்கம். பிளவின் இரு பக்கங்களையும் பிடித்து வைத்திருக்கும் உராய்வு குறைந்து, பாறை வழுக்குகிறது. ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹர்ஷ் குப்தா உள்ளிட்டோர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நீர்மட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எவ்வளவு உயரம் போகிறது, அந்த உயரத்தில் எத்தனை நாள் நிற்கிறது என்பதெல்லாம் முக்கியம் என்று காட்டினார்கள்.

எங்கள் பாஷையில் சொன்னால், ஒருவருக்குப் பழைய பாக்கி எதுவும் இல்லை, ஆகவே கடன் கொடுக்கலாம் என்று முடிவெடுப்பதைப் போன்றது இது. நாம் கொடுக்கும் பெரிய கடனே அவர் நிலைமையை மாற்றிவிடும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. கொய்னாவில் நிலத்தின் பழைய கணக்கைப் பார்த்தார்கள். தண்ணீர் ஏறிய பிறகு அதே நிலம் எப்படி நடந்துகொள்ளும் என்பது கணக்கில் வரவில்லை. அன்று அதற்கான அறிவும் குறைவு. அமெரிக்காவில் ஹூவர் அணையின் மீட் ஏரியில் 1930களில் சிறு அதிர்வுகள் கண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு பாடம் கற்றார்கள். அணையைப் பலப்படுத்தினார்கள். 1970 வரைபடத்தில் கொய்னா நான்காம் மண்டலத்துக்குப் போனது. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், 30 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், மூன்றாம் மண்டலம் அல்லது அதற்கு மேல் உள்ள அணைகளுக்கும் அருகே நிலநடுக்கப் பதிவு நிலையம் வேண்டும் என்கிறது.

அடுத்த முறை எங்காவது புதிய அணைக்குத் திட்டம் என்று செய்தி வந்தால், இங்கே முன்பு நிலநடுக்கம் வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். தண்ணீர் ஏறும் முன்பே அங்கே கருவி வைத்தார்களா என்றும் கேளுங்கள். 180 உயிர்களைக் கொடுத்துக் கற்ற கேள்வி அது.