இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம்

பாலியல், இனப்பெருக்கச் சுகாதாரத்துக்காக 1953இல் நிறுவப்பட்ட அரசு சாரா அமைப்பு. சர்வதேச குடும்பத் திட்டக் கூட்டமைப்பில் உறுப்புரிமை பெற்றது. உறுப்பினர் தெரிவுசெய்யும் ஊதியமற்ற தொண்டர்கள் கொள்கை வகுப்பர். சம்பளம் பெறும் அலுவலர் செயற்படுத்துவர். சங்கத்தின் முன்னோடிகளுள் மகப்பேற்று மருத்துவர் சிவா சின்னத்தம்பி குறிப்பிடத்தக்கவர். 1965இல் அரசு குடும்பத் திட்டத்தைச் சுகாதாரச் சேவையில் இணைத்தது. கூட்டமைப்பின் 2008ஆம் ஆண்டுப் பாலியல் உரிமைப் பிரகடனம் அந்தரங்கம், தகவல், சுயதெரிவு ஆகியவற்றை உரிமைகளாக ஏற்றது.

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இவ்வுரிமைகள் கடும் சோதனைக்குள்ளாகின்றன. தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளான லயன் அறைகளில் தனிமை அரிது. தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழ்ப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை நெடுங்காலம் மேலோங்கியிருந்தது. 1980களில் அதற்கு அரசு ஊக்கப்பணமும் வழங்கியது. தற்காலிக முறைகளைத் தமிழில் விளக்காமல் பெறப்படும் ஒப்புதல் முழுமையான ஒப்புதலாகாது.