குற்றம் பம்பிலா, குழாயிலா?

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில், கார் எஞ்சினில் இருப்பதுபோல அடியில் ஆயில் தேங்கி நிற்பதில்லை. பெட்ரோலும் காற்றும் கிராங்க்கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்கு ஏறுகின்றன. பேரிங்கும் பிஸ்டனும் நனைய வேண்டுமானால் ஆயிலும் அந்த வழியிலேயே வந்தாக வேண்டும். ஓலே எவின்ரூட் 1909-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் படகு மோட்டார் விற்கத் தொடங்கினார். அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல், ஆயிலை அளந்து பெட்ரோலில் கலப்பது பெரும்பாலும் படகுக்காரரின் கைவேலையாகவே இருந்தது. 1950-களில் 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்பது பரவலான கணக்கு. 1964-இல் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் அதை 50-க்கு ஒன்றாகக் குறைத்தன. பெட்ரோல் பங்கில் 2டி ஆயில் ஊற்றி மொபெட் ஓட்டிய தலைமுறைக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

அந்தக் கைவேலையை ஒழிக்க 1984-இல் ஜான்சன், எவின்ரூட் இரண்டையும் தயாரித்த ஓ.எம்.சி. நிறுவனம் வி.ஆர்.ஓ. என்ற பம்பைக் கொண்டுவந்தது. கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பிலேயே இயங்கும் அந்தப் பம்பு, தனி டேங்கிலிருந்து ஆயிலை இழுத்துப் பெட்ரோலில் கலந்துவிடும். முழு வேகத்தில் 50-க்கு ஒன்று, மெதுவாக ஓடும்போது 150-க்கு ஒன்றுவரைகூட. புகை குறைந்தது, ஆயில் மிச்சமானது. ஆனாலும் சில ஆண்டுகளிலேயே ஏராளமான படகுக்காரர்கள் ஆயில் வரும் வாயை மட்டும் அடைத்துவிட்டு, பம்பைப் பெட்ரோல் இறைக்க மட்டும் வைத்துக்கொண்டு, பழையபடி கையால் கலக்கத் திரும்பினார்கள். பிஸ்டன் உருகி எஞ்சின் பிடித்துக்கொண்ட கதைகள் துறைமுகம் துறைமுகமாகப் பரவியிருந்தன. பழி முழுவதும் பம்பின் தலையில் விழுந்தது. அந்தப் பழியில் பெரும்பங்கு பம்புக்கு உரியதல்ல என்பது என் வாதம். அது ஆயில் ஹோஸுக்கும், அந்த ஹோஸ் கிடந்த இடத்துக்கும் உரியது.

இதற்குச் சாட்சி மோட்டார் சைக்கிளில் இருக்கிறது. யமஹா 1964-இலேயே ஆட்டோலூப் என்ற பெயரில் தனி ஆயில் பம்பைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதை நம்பி உலகமே வண்டி ஓட்டியது. வண்டியில் ஆயில் டேங்க் பம்புக்கு மேலே இருக்கும். நடுவில் உள்ள குழாய் மிகக் குட்டை. ஆயில் தன் எடையாலேயே இறங்கி வரும், விரிசல் விட்டால் வெளியே சொட்டும், சொட்டுவது கண்ணில் படும். படகில் கதை வேறு. டேங்க் பின்பக்கம் தரையோடு கிடக்க, பம்பு மேலே மோட்டாரில் இருக்கிறது. ஆயிலை நீண்ட குழாய் வழியே பம்பு உறிஞ்சித்தான் ஏற்ற வேண்டும். உறிஞ்சும் குழாயில் ஓட்டை விழுந்தால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கீறல் விழுந்த ஸ்டிராவால் இளநீர் உறிஞ்சுவதைப் போன்ற நிலை அது. தரையில் ஒரு சொட்டுக் கறைகூட இருக்காது, டேங்கும் நிறைந்தே இருக்கும். டேங்க் காலியாகும்போது அலறுகிற எச்சரிக்கை மணியால் இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆயில் உண்மையிலேயே ஓடுகிறதா என்று கவனிக்கும் ஏற்பாடு அடுத்த சில ஆண்டுகளில்தான் பம்போடு சேர்ந்தது.

பழைய மோட்டாரின் மூடியைத் திறந்து இந்தக் குழாய்களைத் தொட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். புதிதாக இருந்தபோது கண்ணாடிபோல் தெளிவாகவும் விரலுக்கு வளைந்து கொடுப்பதாகவும் இருந்த வினைல் குழாய், எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, விறைத்துப்போயிருக்கும். நடுவில் முழுசாகவே தெரியும். இணைப்பு மூக்கில் மாட்டியிருக்கும் நுனியில்தான் மயிரிழை விரிசல் இருக்கும். விறைத்த குழாய் கிளாம்புக்குள் இறுகி உட்காராது. அதனால்தான் வி.ஆர்.ஓ.வின் ஆயில் லைனுக்குச் சுற்றிலும் சீராக நெரிக்கும் தனிவகைக் கிளாம்பு தரப்பட்டது. அவசரத்துக்குப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டினால் ஒரு பக்கம் மட்டும் இறுகி, மறுபக்கம் காற்றுக்கு வழி விடும்.

பம்பும் பழுதாகவில்லையா என்று கேட்பது நியாயம். பழுதானது. ரப்பர் சவ்வு கிழிந்த பம்புகள் இருந்தன. மெர்க்குரி நிறுவனத்தின் மோட்டார்களில் பம்பைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரம் பல் உதிர்ந்ததும் உண்டு. ஆனால் அதே மெர்க்குரியின் வி-6 மோட்டார்களில் படகிலிருக்கும் ஆயில் டேங்குக்கு கிராங்க்கேஸ் காற்றழுத்தம் கொடுக்கப்படுகிறது. ஆயில் தள்ளப்பட்டு மேலேறுகிறது, குழாய் கசிந்தால் வெளியே தெரிகிறது. வழியில் ஆயில் நின்றுபோனாலும், மோட்டார்மேல் இருக்கும் சிறு டேங்க் குறையத் தொடங்கியதுமே மணி அடிக்கிறது. இன்னொரு ஆட்சேபம், கையால் கலப்பவரும் மறப்பார் என்பது. மறப்பார்தான், மறந்தால் எஞ்சின் அதே கதிக்குத்தான் ஆளாகும். ஆனால் ஊற்றினோமா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ள முடியும். குழாய்க்குள் போகும் காற்றை அவர் யாரிடம் கேட்பார்? தயாரித்தவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. புது எஞ்சினைப் பழக்கும் காலத்தில் வி.ஆர்.ஓ. இருந்தாலும் பெட்ரோலிலும் 50-க்கு ஒன்று ஆயில் கலக்கச் சொன்னார்கள். ஹோஸ் மாற்றிய மெக்கானிக்கும் அதையே செய்கிறார். குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்றி, ஆயில் டேங்கில் மட்டத்தைக் கோடு போட்டு, கலந்த பெட்ரோலிலேயே ஓட்டுகிறார். கோட்டுக்குக் கீழே ஆயில் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே வெறும் பெட்ரோல் ஊற்றுகிறார்.

1996-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை படகு மோட்டார்களின் புகைக்கு வரம்பு விதித்தது. பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படும் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்கள் வந்தன. பெட்ரோல் கிராங்க்கேஸுக்குள் போகாததால் அங்கே ஆயில் லைன் தவிர்க்க முடியாததாயிற்று, கையால் கலப்பதற்கே இடமில்லை. ஆனால் கேரளத்திலும் கன்னியாகுமரிக் கரையிலும் மண்ணெண்ணெயில் ஓடும் படகு மோட்டார்களுக்கு இன்னும் கேனில்தான் ஆயில் கலக்கிறார்கள். இதைப் பின்தங்கிய பழக்கம் என்று சொல்வது தவறு. அலைக்குள் தள்ளி இறக்கும் வள்ளத்திலிருந்து மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து கரையேற்றும் இடத்தில், தனி ஆயில் டேங்க் இருந்தால் ஒவ்வொரு முறையும் அந்த ஹோஸைக் கழற்றி மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதற்குள் காற்று புகும்.