முடி கொட்டுதல்: ஒரு கல்கத்தா சரித்திரம்

வேலை மாற்றலாகி ஊரை விட்டு வந்த எந்தத் தமிழ்க் குடும்பத்தை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வந்து மூன்று நான்கு மாதத்தில் வீட்டுப் பெண்களுக்கு முடி கொட்ட ஆரம்பித்திருக்கும். காரணமும் தயாராக இருக்கும்: "இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலை." பெங்களூரில் போர்வெல் தண்ணி, ஹைதராபாத்தில் உப்புத் தண்ணி, தில்லியில் குளோரின் தண்ணி. கல்கத்தா மாநகராட்சிக் குழாயில் வருவது பெரும்பாலும் பல்தாவில் சுத்தம் செய்து அனுப்புகிற கங்கை. அதையும் நம் ஆட்கள் விட்டுவைக்கவில்லை. காசியில் செம்பில் அடைத்து வாங்கி வந்து பூஜையறையில் வைக்கிற அதே கங்கையை, தலைக்கு ஊற்றினால் முடி போய்விடும் என்று சொல்லும் தைரியம் நமக்கு மட்டும்தான் உண்டு :-)

தண்ணீருக்கு வரும் இந்தக் கெட்ட பெயரும், தலையெண்ணெய்க்குக் கிடைக்கும் நல்ல பெயரும் ஒரே இடத்திலிருந்து வருபவை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நான் இருக்கும் ஊர் அதற்குப் பொருத்தமான ஊர். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி, விளம்பரம் செய்து விற்கும் தொழில் இந்தியாவில் பெரிதாக வளர்ந்த இடங்களில் கல்கத்தா முக்கியமானது.

முதலில் அந்த மூன்று மாதக் கணக்கு. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் பெரும்பகுதி எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். பத்தில் ஒரு பங்கு போல ஓய்வில் இருக்கும். ஓய்வுக்குப் போன முடி ஏறத்தாழ மூன்று மாதம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு விழும். அதனால்தான் தினம் நூறு முடி வரை போவது சாதாரணம். கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, திடீர் எடைக்குறைவு, பெரிய மனக்கஷ்டம் என்று ஏதாவது வந்தால் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அன்று ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்துச் சீப்பில் கொத்துக் கொத்தாக வரும். அதற்குள் காய்ச்சலே மறந்து போயிருக்கும். இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்தவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், 1961ல்.

பெயர்தான் 1961ல் வந்தது. விஷயம் நம் பாட்டிகளுக்குத் தெரியும். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு மூன்று மாதத்தில். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் பிடித்து வைத்திருந்த முடியெல்லாம் கொட்டத் தொடங்குவதும் அதே சமயத்தில்தான். காரணத்தை மாற்றிச் சொன்னாலும் காலக்கணக்கு அச்சுப் பிசகவில்லை.

இப்போது கல்யாணமாகி வேற்றூர் வந்த பெண்ணை யோசித்துப் பாருங்கள். கல்யாண அலைச்சல், தூக்கமின்மை, புது வேலை தேடும் கவலை, பழகாத சாப்பாடு. மூன்று மாதம் கழித்துக் கொட்டும்போது கண் முன்னால் இருப்பது குளியலறைக் குழாய் மட்டும்தான். உப்பு அதிகமுள்ள தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழ வைக்கும், அது வாஸ்தவம். வேரிலிருந்து கொத்தாகக் கொட்டுவதற்கு அதைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் அநியாயம்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். சந்திர கிஷோர் சென் என்ற கவிராஜ் (இங்கே ஆயுர்வேத வைத்தியரை அப்படித்தான் சொல்வார்கள்) 1878ல் தொடங்கிய சி.கே. சென் கம்பெனியின் ஜபாகுசும் எண்ணெய் வங்காளத்தில் வீட்டுக்கு வீடு போனது. ஜபா என்றால் செம்பருத்தி. நம் ஊரில் செம்பருத்தியை அரைத்துத் தலைக்குப் போடுகிற அதே நம்பிக்கை, பாட்டிலில்.

அடுத்து வந்தவர் கெட்டிக்காரர். ஹேமேந்திர மோகன் போஸ். வாசனைத் திரவியம், சைக்கிள், மோட்டார் கார், ஒலிப்பதிவு என்று கைவைக்காத தொழில் கிடையாது. தாகூரின் குரலைச் சிலிண்டரில் பதிவு செய்தவர். சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோரின் தங்கையை மணந்தவர். சினிமா இயக்குநர் நிதின் போஸின் அப்பா. அவருடைய தலையெண்ணெயின் பெயர் குந்தலீன். குந்தளம் என்றால் முடி. அது நம் 'கூந்தலுக்கு' உறவான சொல் என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. ஆக நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் வங்காளப் பெண்கள் தேய்த்துக்கொண்ட எண்ணெயின் பெயரில் ஒரு தமிழ் வாசனை அடித்திருக்கலாம்.

1896ல் போஸ் ஒரு சிறுகதைப் போட்டி அறிவித்தார். பெயர் குந்தலீன் புரஸ்கார். நிபந்தனை: கதைக்குள் குந்தலீன் எண்ணெயும் அவருடைய தேல்கோஷ் வாசனைத் திரவியமும் எப்படியாவது வர வேண்டும், ஆனால் விளம்பரம் மாதிரி இருக்கக் கூடாது. இன்றைக்கு விளம்பரக் கம்பெனிகள் பெரிய கண்டுபிடிப்பு போலச் செய்வதை அந்த மனிதர் அப்போதே செய்துவிட்டார். முதல் வருஷமே பரிசு பெற்ற கதை பெயர் போடாமல் வந்தது. எழுதியவர் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ்! பின்னாளில் 1903ல் சரத்சந்திரரும் தன் மாமா பெயரில் கதை அனுப்பி இதே பரிசை வாங்கினார். (நம் ஊரில் எந்தத் தலையெண்ணெய்க்காரராவது அப்படிச் செய்திருந்தால் எவ்வளவு கதை கிடைத்திருக்கும் என்று பெருமூச்சு வருகிறது.)

ஜகதீஷ் சந்திரரின் கதையில் வருகிறவருக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்தபோது தலையில் முடி ஏறக்குறைய காலி. அங்கங்கே நாலு கொத்து. எட்டு வயது மகள் பூகோளப் பாடத்தில் படித்த தீவை அப்பாவின் மண்டையிலேயே காட்டிவிடுகிறாள். உடம்பு தேற இலங்கைக்குக் கப்பல் பயணம் போகச் சொல்கிறார் டாக்டர். மகள் ஒரு பாட்டில் எண்ணெயைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறாள். நடுக்கடலில் புயல். கடைசியில் அந்தப் பாட்டில் போவது தலைக்கு அல்ல, கடலுக்கு. எண்ணெய் பரவி அலை அடங்குகிறது. கல்கத்தாவைத் தாக்கும் என்று வானிலைக்காரர்கள் சொன்ன புயல் காணாமல் போன மர்மம் அதுதான் என்பது கதை. 1921ல் 'அவ்யக்த' தொகுப்பில் திருத்தி எழுதியபோது எண்ணெயின் பெயரைக் குந்தள கேசரி என்று மாற்றினார்.

எண்ணெய் அலையை அடக்கும் என்பது நிஜமான பௌதிகம். முடியை முளைக்க வைத்ததாகக் காட்டாமல் அந்த வேலையைக் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் மனுஷன் விஞ்ஞானி. காய்ச்சலுக்கும் முடி போவதற்கும் உள்ள சம்பந்தம் 1896லேயே கல்கத்தா வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாத விஷயமாக இருந்திருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

தாகூர் அந்த அளவுக்கு ஜாக்கிரதையாக இல்லை. அவர் குந்தலீனுக்கு நற்சான்று கொடுத்திருக்கிறார். நெடுநாளாக முடி கொட்டிக்கொண்டிருந்த உறவினர் ஒருவருக்கு ஒரு மாத உபயோகத்திலேயே புதுமுடி வந்துவிட்டது என்பது அதன் சாரம். பொய் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கைப் பாருங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். ஓய்வில் இருக்கும் வேர் விழித்துக்கொள்ளவே மூன்று மாதம் வேண்டும். ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரிகிற புதுமுடி, எண்ணெய் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே தோலுக்கு அடியில் கிளம்பியிருக்க வேண்டும். யாரும் முதல் வாரத்திலேயே எண்ணெய் வாங்கப் போவதில்லை. கொட்டிக் கொட்டி, பயந்து, நாலு பேரிடம் கேட்டு, பிறகுதான் வாங்குவோம். அதற்குள் தலை தானாகத் திரும்பிக்கொண்டிருக்கும். பிரசவத்துக்கோ காய்ச்சலுக்கோ பிறகு கொட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நின்றுவிடுகிறது. கடைசியாகத் தேய்த்த எண்ணெய் எதுவோ அதற்கு மாலை மரியாதை. 2021ல் கொரோனா இரண்டாம் அலை முடிந்த சில மாதங்களில் இது மறுபடி நடந்ததை நாம் எல்லோருமே பார்த்தோம். கொட்டாத வீடு இல்லை. பரிந்துரைக்கப்படாத எண்ணெயும் இல்லை.

எண்ணெய் மேல் எனக்குக் கோபம் இல்லை. தேய்த்தால் சிக்கு குறையும், முடி உடையாது, அம்மா கையால் தேய்த்தால் தூக்கமும் வரும். வருத்தமெல்லாம் இன்னொரு வகைக்காரர்களுக்காக. காய்ச்சல் எதுவும் வராமல், கொத்தாகவும் கொட்டாமல், முப்பது நாற்பது வயதில் வகிடு மெல்ல மெல்ல அகலும். உச்சியில் தோல் தெரியும். ஜடை எலிவால் ஆகும். இது தானாகத் திரும்பாது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்ட எண்ணெய் தனக்கு ஏன் கேட்கவில்லை என்று புரியாமல், சரியாகத் தேய்க்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு பாட்டில் மாற்றி பாட்டில் வாங்கியவர்கள் இவர்கள். என் வகிடும் இப்படி அகன்றதுதான், அதனால் அந்தப் பாட்டில் வரிசை எனக்குப் பழக்கம்.

டாக்டர்களும் இந்தப் பக்கம் மெதுவாகத்தான் வந்தார்கள். ஆண்களின் வழுக்கைக்கு ஆண் ஹார்மோன் காரணம் என்று ஜேம்ஸ் ஹாமில்டன் 1942ல் காட்டினார். 1951ல் அதற்குப் படிநிலைகள் வகுத்தார். நார்வுட் 1975ல் அதைத் திருத்தி ஏழு நிலை ஆக்கினார். பெண்களுக்கு நெற்றி ஏறாது, முன்வரிசை முடி அப்படியே இருக்க உச்சிதான் மெலியும் என்பதை வைத்துத் தனியாக மூன்று நிலை வகுத்தவர் எரிக் லுட்விக். அது 1977. சந்திரனில் கால் வைத்து எட்டு வருஷம் கழித்து.

மருந்து வந்ததும் தற்செயல்தான். மினாக்ஸிடில் 1979ல் அமெரிக்காவில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததால், தலையில் தடவும் மருந்தாக மாற்றிப் பார்த்தார்கள். ஆண்களுக்கு 1988ல் அனுமதி, பெண்களுக்கு 1991ல். அதிசய மருந்து இல்லை. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். முதல் சில வாரங்கள் இன்னும் அதிகமாகக் கொட்டிப் பயமுறுத்தும். நிறுத்தினால் கிடைத்ததும் போகும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் கூடாது. டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஆனால் பரிசோதனை செய்து பார்க்கப்பட்ட மருந்து.

இதெல்லாம் வருவதற்கு முன் நம் பெண்கள் என்ன செய்தார்கள் என்றால், சவுரி வைத்துக்கொண்டார்கள். மலையாளிகள் திருப்பன் என்பார்கள். சவுரி என்ற சொல்லே கவரிமாவிலிருந்து வந்தது. கவரி முடியைச் சேர்த்துக் கொண்டை முடித்த செய்தி பதிற்றுப்பத்திலேயே இருக்கிறது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா இல்லையா என்று சங்கப் பலகை வரை சண்டை போட்டவர்கள் நாம். கொட்டுகிறதா என்று ஒரு பாண்டியனும் கேட்கவில்லை. சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைத்து, சிக்குமுடி வாங்க வருபவரிடம் போட்டு, ஊக்கோ ஹேர்பின்னோ வாங்கிய காலம் ஒன்று இருந்தது. சவுரியில் ஒளிவு மறைவு அதிகம் இருந்ததில்லை. கொடியில் துணியோடு துணியாகத் தொங்கும். தனக்கு முடி குறைவு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவ்வளவுதான். அந்தச் சிக்குமுடி வியாபாரம் இன்னும் நடக்கிறது. இங்கே முர்ஷிதாபாத்திலும் கிழக்கு மேதினிபூரிலும் பெண்கள் உட்கார்ந்து கையால் சிக்கெடுத்துத் தரம் பிரிக்கிறார்கள்.

ஒளிக்கத் தோன்றியதற்கு வேறு காரணமும் உண்டு. சில சாதிகளில் விதவைகளின் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இருந்தது. பழனியிலோ திருப்பதியிலோ பெண் தானாக மொட்டை போட்டால் கும்பிடுவோம். மற்றபடி பெண்ணின் தலையில் முடி இல்லை என்றால் அமங்கலம் என்ற பயம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? விளம்பரக்காரர்களுக்கு அந்தப் பயம் போதுமானதாக இருந்தது. மருந்துச் சட்ட விதிகளின் 'ஷெட்யூல் ஜெ' என்ற பட்டியலில் வழுக்கையும் புதுமுடி வளர்ப்பதும் உண்டு. குணமாக்குவேன் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத விஷயங்கள் அதில் இருப்பவை. அடுத்த முறை எண்ணெய் விளம்பரம் வரும்போது வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். எவ்வளவு வளைந்து நெளிந்து எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கொட்டினால் முதலில் மூன்று மாதம் பின்னால் போய் என்ன நடந்தது என்று யோசியுங்கள். காய்ச்சல், டயட், புது மாத்திரை, பிரசவம், துக்கம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை; தமிழ்நாட்டில் 53.4, இங்கே வங்காளத்தில் 71.4. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் முகத்திலும் முடி வளர்ந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, அரிப்பும் எரிச்சலும் இருந்தாலோ, தோல் வழவழவென்று தழும்பு போல ஆனாலோ ஆறு மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது. கொத்தாக வராமல் வகிடு மட்டும் அகலுகிற மாதிரி இருந்தால், ஈரமில்லாத தலையில் நேர் வகிடு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடி முன்னால் தினம் நின்று பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. நாலு போட்டோ சேர்ந்தால் தோல் டாக்டரிடம் காட்டிப் பேச வசதியாக இருக்கும்.